பயிற்சியாளர் தள்ளிவிட்டால் நிற்கிறேன், தனியாக ஒரு அலைகூடப் பிடிக்க முடியவில்லை. எங்கே தவறு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறீர்கள், வயது 31. மாதத்தில் இரண்டு ஞாயிறு, சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம் போய், சர்ஃபிங்கில் (போர்டு என்னும் நீளப் பலகையில் நின்று அலைமேல் வழுக்கிப் போவதில்) ஆறு வகுப்பு முடித்துவிட்டீர்கள். பயிற்சியாளர் பின்னாலிருந்து தள்ளிவிட்டால் போர்டில் எழுந்து நிற்கிறீர்கள். அவர் தள்ளாவிட்டால் ஒரு அலையும் கிடைப்பதில்லை. ஒன்று, அலை உங்களுக்கு அடியில் நழுவிப் போய்விடுகிறது. இல்லையென்றால் போர்டின் மூக்கு குத்தித் தலைகுப்புறக் கவிழ்கிறீர்கள். கையில் வலு போதவில்லையா, இந்த வயதில் ஆரம்பித்தது தாமதமா, மொட்டை மாடியில் எழுந்து நிற்கும் பயிற்சியை இன்னும் கூட்டணுமா, நண்பர் சொல்வதுபோல் பாலித் தீவுக்குப் போனால்தான் வருமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நிற்கத் தெரிந்தும் அலை ஏன் கிடைக்கவில்லை?

நான் காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். 2014-லிருந்து விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போய்க் கடலில் இறங்குகிறேன். நம் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிப்போய் முதல் அலை பிடிக்கிறவரை கூட நின்றிருக்கிறேன். சர்ஃபிங் பயிற்சியாளர் சான்றிதழ் என்னிடம் கிடையாது. உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் உங்கள் உடம்பைப் பற்றி நான் சொல்வதை ஊகமாகவும், அலையைப் பற்றியும் போர்டைப் பற்றியும் சொல்வதை உறுதியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளர் தள்ளிவிடும்போது அவர் கொடுப்பது வேகம் மட்டும்தான் என்று நினைக்கிறோம். உண்மையில் நான்கு வேலைகளை அவர் செய்கிறார். வருகிற அலைகளில் எது சரியாக உடையும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். அது உடையப்போகிற இடத்தில் உங்கள் போர்டைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். நீங்கள் முன்னே பின்னே படுத்திருந்தால் காலைப் பிடித்து இழுத்துச் சரிசெய்கிறார். கடைசியில் சரியான நொடியில் தள்ளுகிறார். எழுந்து நிற்பது ஒன்றுதான் உங்கள் வேலை. ஆறு வகுப்பில் நீங்கள் கற்றது அந்த ஐந்தாவது வேலையை. முதல் நான்கில் உங்களுக்கு இன்னும் ஒரு நாள் பயிற்சிகூட ஆகவில்லை. மாடியில் எழுந்து நிற்கும் பயிற்சியைக் கூட்டினால் ஏற்கெனவே தெரிந்ததுதான் இன்னும் நன்றாகத் தெரியும். ஏழாவது வகுப்பில் அவரிடம், "அண்ணா, இன்னிக்குத் தள்ளாதீங்க, எந்த அலைக்குக் கை போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பயிற்சியாளர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

கை வலு பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டால் பதில் வந்துவிடும். அலை கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது. அலையின் உயரம் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தாண்டும்போது அது உடைகிறது. அதாவது ஒரு மீட்டர் அலை, சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில், நம் நெஞ்சளவுத் தண்ணீரில் உடையும். அந்த இடத்தில் அதன் வேகம் மணிக்கு 12, 13 கிலோமீட்டர். புதிதாகக் கற்பவர் போர்டில் படுத்துக் கை போட்டால் மணிக்கு 4 கிலோமீட்டர் போவார். பல வருடம் பழகியவருக்கே 6, 7-க்கு மேல் வருவது கடினம். ஆக, கை வலுவால் அலையின் வேகத்தை எட்டிப்பிடிக்கிறவர் யாருமே இல்லை. மிச்ச வேகத்தைக் கொடுப்பது அலையின் சரிவு. சைக்கிளில் மேட்டு உச்சிவரை மிதிக்கிறோம், அப்புறம் இறக்கம் இழுத்துக்கொள்கிறது அல்லவா, அதே சங்கதி. சரிவு இல்லாத இடத்தில் பயில்வான் கை போட்டாலும் அலை அடியில் போய்விடும். சரியான சரிவில் பத்து வயதுப் பையன் நாலு கை போட்டாலே போர்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் தோளில் நம்மைவிட வலு இருக்கிறது என்பதைவிட, சரிவு எங்கே வரும் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் விஷயம்.

இனி நீங்கள் சொன்ன இரண்டு தோல்விகளையும் பார்ப்போம். அலை அடியில் நழுவுவதும் மூக்கு குத்துவதும் எதிரெதிர்க் கோளாறுகள்போலத் தோன்றும். பெரும்பாலும் ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்குகிறது. ஒரு முறை மூக்கு குத்தி, மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறினால், அடுத்த முறை நம்மை அறியாமலே பின்னால் தள்ளிப் படுக்கிறோம். பின்னால் படுத்தால் போர்டின் வால் தண்ணீரில் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்து, போர்டே பிரேக் போட்டதுபோல் ஆகிவிடும். அலை வரும், தூக்கும், விட்டுவிட்டுப் போகும். நாலு அலை இப்படிப் போனதும் எரிச்சலில் முன்னால் நகர்கிறோம், மறுபடி குத்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இந்த ஊசலாட்டத்திலேயே கழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிமையானது. அலை இல்லாத நேரத்தில், அசைவற்ற தண்ணீரில், போர்டில் படுத்து நாலு கை போடுங்கள். மூக்கு தண்ணீருக்கு மேல் மூன்று நான்கு விரல் உயரத்தில் நிற்கணும். மூழ்கினால் பின்னால் வாருங்கள், ஒரு சாணுக்கு மேல் தூக்கினால் முன்னால் போங்கள். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் தாடை போர்டில் எங்கே வருகிறதோ அங்கே மெழுகால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அன்று முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேல்தான் தாடை. எத்தனை முறை விழுந்தாலும் கோட்டை மாற்றாதீர்கள். வாடகைப் போர்டு ஒவ்வொரு வாரமும் வேறாக இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக இதைச் செய்யணும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வேறு எதைத் திருத்தினாலும் பயனில்லை.

படுக்கும் இடம் சரியான பிறகும் மூக்கு குத்துகிறதா? அப்படியானால் அது வேறு வகைக் குத்தல். வெறுமனே கை போடும்போதே மூக்கு அமிழ்ந்தால் இடக் கோளாறு. கை போடும்போது நன்றாக இருந்து, அலை தூக்கி இறக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும் குத்தினால் காலக் கோளாறு, அதாவது நீங்கள் தாமதம். அலை அதற்குள் சுவர்போல நிமிர்ந்துவிட்டது, அந்தச் செங்குத்தில் எங்கே படுத்திருந்தாலும் மூக்கு இறங்கும். இதற்குப் பின்னால் நகர்வது மருந்தே இல்லை. கரையிலிருந்து இன்னும் நாலைந்து மீட்டர் வெளியே தள்ளிப் போய், சீக்கிரமாகக் கை போட ஆரம்பிக்கணும். போர்டு இறங்கத் தொடங்கியதும் கண்ணை மூக்கு முனையில் வைக்காமல் கரையைப் பார்த்து, நெஞ்சைப் பாம்பு படம் எடுப்பதுபோல நிமிர்த்தணும். தலை எங்கே பார்க்கிறதோ எடை அங்கே போகும்.

எங்கே காத்திருப்பது என்பதுதான் இருப்பதிலேயே கடினமான பாடம், யாரும் அரைநாளில் சொல்லித்தர முடியாது. புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். பயந்தவர்கள் அலை உடையும் இடத்துக்கு வெகு வெளியே போய் உட்காருகிறார்கள். அங்கே அலை இன்னும் சரியவில்லை, வெறும் மேடாகத்தான் போகும். அவசரக்காரர்கள் அலை ஏற்கெனவே உடைந்து விழும் இடத்தில் நிற்கிறார்கள், தலைமேல் வாங்கிக்கொள்கிறார்கள். வேலூரிலிருந்து மூன்று மணிநேரம் வண்டி ஓட்டிப் போகும் நமக்கு இறங்கின உடனே தண்ணீரில் குதிக்கத்தான் மனம் சொல்லும். அதை அடக்கி, கரையில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரியவை, பிறகு சில நிமிட அமைதி, மறுபடி ஒரு கூட்டம். பெரியவை முதலில் எங்கே வெள்ளை காட்டுகின்றன, அங்கிருந்து வலப்பக்கமாக உடைந்துகொண்டே போகின்றனவா இடப்பக்கமாகவா, பழகியவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பிறகு அந்த இடத்தைக் கரை அடையாளத்தால் பூட்டிவிடுங்கள். மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இது. கரையில் முன்னால் ஒரு பொருளும் பின்னால் ஒரு பொருளும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி நிற்பது. கோவளத்தில் மாதா கோயில், தர்கா, தென்னை, வீடு என்று அடையாளத்துக்குப் பஞ்சமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் நீரோட்டம் உங்களை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரியும், பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் நம் கரையில் நீரோட்டம் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே. (அந்தக் கோவளம் ஆற்காட்டு நவாப் காலத்தில் ஒரு துறைமுகம். நம் பாலாறும் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே வயலூர்ப் பக்கம்தான் கடலில் சேர்கிறது. கடல் நமக்கு அந்நியம் என்று வேலூர்க்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் நினைவுக்கு வரும்.)

அடுத்தது கை போடும் நேரம். அலை முதுகில் வந்து தொட்ட பிறகு கை போட ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அலை மூன்று நான்கு போர்டு நீளத் தொலைவில் இருக்கும்போதே போர்டைக் கரைப்பக்கம் நேராகத் திருப்பி, நிதானமாகத் தொடங்கி, நெருங்க நெருங்க வேகம் கூட்டணும். இடையில் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். நேரே பின்னால் உடையப்போகிறதா, தள்ளியா என்று தெரிந்துவிடும். பார்க்காமல் கை போடுவது கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடப்பதுபோல. கையை மேலோட்டமாகப் பட்பட்டென்று அடிக்காமல், முழங்கைவரை ஆழ விட்டு, தொடைப்பக்கம்வரை இழுங்கள். கால்கள் இரண்டும் ஒட்டி இருக்கட்டும், உதைத்தால் போர்டு தள்ளாடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் கடைசி அங்குலத்தில் கோட்டைவிடுகிறார்கள். வால் தூக்கியதும் "கிடைச்சிடுச்சு" என்று நினைத்துக் கையை நிறுத்தி எழப் பார்ப்பார்கள். அந்த நொடியில் போர்டு இன்னும் அலையின் உச்சியில்தான் இருக்கிறது, சரிவில் இறங்கவில்லை. எழுந்தால் எடை பின்னால் போகும், அலை விட்டுவிட்டுப் போய்விடும். கிடைத்துவிட்டது என்று தோன்றிய பிறகு இன்னும் இரண்டு கை, முழு பலத்தோடு. போர்டு உங்கள் கையைவிட வேகமாக ஓடுவது உடம்பிலேயே தெரியும், அப்போது எழுங்கள். நான் கூட்டிப்போனவர்களில் பாதிப் பேருக்கு முதல் அலை கிடைத்தது இந்த இரண்டு கையால்தான். உங்கள் வீடியோ இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அலை அடியில் நழுவுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தான்.

போர்டைப் பற்றிச் சுருக்கமாக. எட்டு அல்லது ஒன்பது அடி நுரைப்பஞ்சுப் போர்டிலேயே இருங்கள். ஆறடிப் போர்டு பார்க்க அழகு, ஆனால் மிதப்பு குறைவு. மிதப்பு குறைந்தால் இன்னும் செங்குத்தான அலை, இன்னும் சரியான நேரம், இன்னும் வேகமான எழுச்சி என மூன்றையும் சேர்த்துக் கேட்கும். உடையாத அலையைத் தனியாக, பத்துக்கு ஆறேழு என்ற கணக்கில் பிடிக்கிறவரை போர்டைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும் விஷயங்களும் உண்டு. அலை தூக்கும்போது தாடையைப் போர்டில் அழுத்தி எடையை முன்னால் கொடு என்று சிலர் சொல்வார்கள். சோம்பலான, சரிவு குறைந்த அலைக்கு அது உதவும், செங்குத்தான அலையில் அதுவே மூக்கைக் குத்த வைக்கும். முதலில் முழங்காலில் எழுந்து பிறகு நில் என்பவர்களும் உண்டு. முட்டி வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது நல்ல வழிதான். 31 வயதில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவது கஷ்டம் என்பது என் கருத்து. விரலை ஒட்டி வைப்பதா, லேசாக விரிப்பதா என்ற சண்டையில் நீங்கள் இறங்கவே வேண்டாம். இந்தக் கட்டத்தில் அது எதையும் மாற்றாது.

வேலூரில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்? வாரத்தில் மூன்று நாள் நீச்சல், அதுதான் முதல். கடலில் உங்களை இரண்டாவது மணிநேரத்தில் வீழ்த்துவது தோள் களைப்பு. களைத்த தோள் அலைக்குத் தாமதமாக வரும். ஆக, கை வலு அலையைப் பிடித்துத் தராது, ஆனால் அதிக அலைகளை முயன்றுபார்க்க நேரம் வாங்கித் தரும். கழுத்தையும் நெஞ்சையும் தூக்கிப் படுப்பதற்குப் புஜங்காசனம் நல்லது, காலையில் ஐந்து நிமிடம் போதும். எழுந்து நிற்கும் பயிற்சியை மெத்தையில் செய்யாதீர்கள். மாடித் தரையில் சாக்பீஸால் எட்டடிப் போர்டை வரைந்து, நடுக்கோடு போட்டு, நின்ற பிறகு பாதங்கள் கோட்டின்மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இருபது முறைக்கு மேல் தேவையில்லை.

பாலித் தீவு பற்றி. அங்கே அலை நீளமாகவும் ஒழுங்காகவும் வரும் என்பது உண்மைதான். ஆனால் நம் மாமல்லபுரத்தில்தான் 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது, அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். கற்றுக்கொள்ள நம் கரை தாராளமாகப் போதும். காலமும் நேரமும்தான் பார்க்கணும். ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரை தெற்கிலிருந்து நல்ல அலை வரும். காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மேற்குக் காற்று வீசுவதால் அலை முகம் வழவழப்பாக இருக்கும். நம் பக்கத்து நிலம் வெயிலில் காய்ந்ததும் காற்று திரும்பிக் கடலிலிருந்து அடிக்கும், அலை கலைந்துவிடும். பதினொரு மணிக்குப் போய் இறங்குகிறவர் அந்தக் கலைந்த தண்ணீரில்தான் பாடம் படிக்கிறார். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக ஆறு, ஆறரைக்குக் கரையில் இருக்கப் பாருங்கள், இல்லையென்றால் முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் முரடாக இருக்கும். புதியவர்கள் அந்த மாதங்களில் நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியே ஆகணும். நம் பக்கத்தில் பெரும்பாலோர் நீச்சல் கற்றது விவசாயக் கிணற்றில். நானும் வாலாஜாப்பேட்டைப் பக்கம் எங்கள் தாத்தா கிணற்றில்தான், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றேன். கிணறு நம்மைத் தலைகீழாகக் குதிக்கப் பழக்கியிருக்கிறது. முப்பதடித் தண்ணீரில் அது விளையாட்டு, நெஞ்சளவுக் கடலில் கழுத்தெலும்பு போய்விடும். போர்டிலிருந்து விழும்போது தலையை ஒருபோதும் முன்னால் விடாதீர்கள். பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ, தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், போர்டு உங்கள் மேலேயே வந்து விழலாம். என்னோடு வந்த ஒரு பையன் முதல் நாளே தலைகீழாகப் பாய்ந்து நெற்றியை மணலில் இடித்துக்கொண்டான். இரண்டு வாரக் கழுத்து வலியோடு தப்பினான், அன்றிலிருந்து யாரைக் கூட்டிப்போனாலும் இதைச் சொல்லாமல் தண்ணீரில் இறக்குவதில்லை.

கிணற்றில் இழுப்பு கிடையாது, கடலில் உண்டு. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி நேராகப் போராடாதீர்கள். போர்டைவிட்டு இறங்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கை போட்டு வெளியே வந்து, அலை உடையும் பக்கமாகத் திரும்புங்கள். பெரிய அலை வருகிறதென்று போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு முங்குவது புதியவர்களின் பழக்கம். பின்னால் இருப்பவர் முகத்தில் அது போய் இடிக்கும். படகு இறங்கும் பாதையிலும் வலை கிடக்கும் இடத்திலும் போகாதீர்கள், காலில் கட்டியிருக்கும் கயிறு வலையில் சிக்கினால் ஆபத்து உங்களுக்கு, நஷ்டம் அவர்களுக்கு. அலை முதலில் உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் கையை நிறுத்திவிடணும்.

வயதைப் பற்றி: நான் கூட்டிப்போனவர்களில் மூத்தவருக்கு 52 வயது. மூன்றாவது மாதம் அவர் தனியாக அலை பிடித்தார். அடுத்த ஞாயிறு போகும்போது ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கரையில் யாரையாவது விட்டு, இருபது முயற்சிகளைப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எத்தனை முறை அலை நழுவியது, எத்தனை முறை மூக்கு குத்தியது, குத்தியது இறங்கும்போதா அதற்கு முன்னாலேயா, கையை எப்போது நிறுத்தினீர்கள் என்று எண்ணி இங்கேயே எழுதுங்கள். அந்த எண்ணிக்கை கையில் இருந்தால் ஊகம் இல்லாமல் பதில் சொல்கிறேன்.